ஹெட்போன் ஓட்டை இல்லாத போன்: ப்ளூடூத் அடாப்டர் யாருக்கு, யாருக்கு வேண்டாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்கள் நீக்கப்பட்டிருக்கின்றன.)

திருவண்ணாமலையிலிருந்து பேசுறேன். போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, புது போன்ல ஹெட்போன் ஓட்டை இல்ல. பழைய வயர் ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. அதை ப்ளூடூத்தா மாத்துற குட்டி அடாப்டர் விக்கிறாங்களே, வாங்கலாமா?"

நாலு மாசம் முன்னாடி ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்டப்போ, யோசிக்காம "தாராளமா வாங்கலாம்"னு சொன்னேன். சொன்னதோட நிக்கல, நானே வாங்கியும் கொடுத்தேன். அதனால எங்க தெரு பெட்டிக்கடையில 400 ரூபாய்க்கு ஒரு சண்டை நடந்துச்சு. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி இந்த அடாப்டர்னா என்னன்னு பார்த்துடலாம், ஏன்னா சண்டைக்கான காரணம் அதுக்குள்ளதான் இருக்கு.

நம்ம ஹெட்போன் பின்னோட பூர்வீகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். பழைய படங்கள்ல ஆபரேட்டர் அம்மா ஒரு பலகை முன்னாடி உட்கார்ந்து வயரைப் பிடுங்கி வேற ஓட்டையில சொருகுவாங்க இல்லையா, அந்தப் பின்தான். 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அது சின்னதாகி 3.5 மில்லிமீட்டர் ஆச்சு, டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வந்துச்சு, 1979ல சோனி வாக்மேனுக்கு வந்துச்சு, அப்புறம் நம்ம எல்லார் போனுக்கும் வந்துச்சு. 2016 செப்டம்பர்ல ஆப்பிள் ஐபோன் 7ல அந்த ஓட்டையை அடைச்சாங்க. அதே மேடையில ஏர்பாட்ஸையும் அறிமுகப்படுத்தினாங்க. கதவைச் சாத்திட்டு பக்கத்துலேயே ஜன்னலுக்கு டிக்கெட் விக்கிற மாதிரி. ஆப்பிள்தான் முதல்ல செஞ்சதுன்னு சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடியே ஓட்டை இல்லாத போன்கள் வந்திருக்கு. ஆனா மத்த கம்பெனிகளுக்குத் தைரியம் வந்தது அதுக்கப்புறம்தான்.

ஓட்டையை எடுத்தா என்ன போச்சு? வெறும் ஓட்டை மட்டும் போகல. பாட்டு போன்ல எண்களாத்தான் இருக்கும். அந்த எண்களை மின் அலையா மாத்த ஒரு சிப் வேணும், அதுக்குப் பேர் டிஏசி. அந்த அலை ஹெட்போனைத் தள்ளுற அளவுக்குப் பலமாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வேணும். இந்த ரெண்டு வேலையையும் போன் செஞ்சிட்டு இருந்துச்சு. ப்ளூடூத் அடாப்டர்ங்கிறது அந்த ரெண்டையும் தீப்பெட்டி அளவு டப்பாவுல வெச்சு, கூட ஒரு ரேடியோவையும் பேட்டரியையும் சேர்த்தது. அவ்வளவுதான். போன் பாட்டைச் சுருக்கி ரேடியோவுல அனுப்பும், டப்பா அதை வாங்கி விரிச்சு அலையாக்கி உங்க பழைய ஹெட்போனுக்குக் கொடுக்கும்.

எனக்கு இந்த ஐடியா பிடிக்கும், ஒளிக்கல. காதுக்குள்ள சொருகுற வயர்லெஸ் பட்ஸ்ல சீக்கிரம் சாகிற பொருள் பேட்டரி. ரெண்டு மூணு வருஷத்துல அது படுத்துடும், திறந்து மாத்தவும் முடியாது. நல்லா இருக்கிற ஸ்பீக்கரும் சேர்ந்து குப்பைக்குப் போகும். வயர் ஹெட்போன் அப்படி இல்ல. முதல் சம்பளத்துல நான் வாங்கின ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் இன்னைக்கும் அப்படியே பாடுது, காது குஷன் மட்டும் ஒரு தடவை மாத்தினேன். அடாப்டர் செத்தா அடாப்டரை மட்டும் தூக்கிப் போட்டா போதும். சீக்கிரம் கெடுறதையும் ரொம்ப நாள் உழைக்கிறதையும் ஒண்ணா ஒட்டாதேன்னு சாஃப்ட்வேர்ல சீனியர்ங்க தலையில தட்டிச் சொல்லித் தருவாங்க. அதே கதைதான்.

சரி, இப்போ பெட்டிக்கடை.

எங்க தெரு முனையில ஒரு அண்ணன் கடை வெச்சிருக்கார். அண்ணன்னு கூப்பிடுறேனே தவிர ஐம்பது தாண்டிட்டார். பார்வை மாற்றுத்திறனாளி. அந்தக் காலத்துல மாற்றுத்திறனாளிகளுக்கு எஸ்டிடி பூத் கொடுத்தாங்க இல்லையா, அப்படி ஒரு பூத்தோட ஆரம்பிச்சவர். பூத் காலம் முடிஞ்சதும் அதே இடத்துல பெட்டிக்கடை. போனை டாக்பேக் வெச்சு ஓட்டுவார். திரையில விரல் எதைத் தொடுதோ அதைப் போன் வாசிக்கும். அவர் வெச்சிருக்கிற வேகத்துல அது பேசுறது எனக்கு ஒரு வார்த்தை புரியாது, கோழி கொத்துற மாதிரி இருக்கும். அவருக்குத் தெளிவா கேட்கும்.

அவருக்கு ஹெட்போன் சொகுசு இல்ல. ஸ்பீக்கர்ல விட்டா அவர் கணக்குல எவ்வளவு இருக்கு, யார் மெசேஜ் அனுப்பினாங்கன்னு டீ குடிக்கிறவங்க எல்லாருக்கும் கேட்கும். அதனால எப்பவும் ஒரு காதுல வயர் இயர்போன் இருக்கும், இன்னொரு காது வாடிக்கையாளருக்கு. பழைய போன் தண்ணியில விழுந்து புது போன் வாங்கினார். ஓட்டை இல்ல. என்கிட்ட கேட்டார். நான் பெரிய ஆள் மாதிரி ஒரு அடாப்டரை ஆர்டர் பண்ணி, பிறந்தநாள் பரிசுன்னு சொல்லி மாட்டி விட்டுட்டு வந்தேன். பாட்டுப் போட்டுக் காட்டினேன். "சூப்பர் தம்பி"ன்னார்.

ஒரு வாரம் கழிச்சு கடைக்குப் போனா அடாப்டர் மிட்டாய் டப்பா மேல கிடக்கு. "தம்பி, இது என்னை ஒரு எழுத்து பின்னாடியே இழுத்துட்டு வருது"ன்னார்.

எனக்கு முதல்ல புரியல. அப்புறம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். டாக்பேக்ல டைப் பண்றது எப்படின்னா, கீபோர்டு மேல விரலை ஓட்டிக்கிட்டே போகணும். 'க' மேல விரல் வந்ததும் போன் 'க'ன்னு சொல்லும், அங்க விரலை எடுத்தா அந்த எழுத்து விழும். ப்ளூடூத்ல 'க'ங்கிற சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள விரல் அடுத்த எழுத்துக்குப் போயிடுது. சத்தத்தை நம்பி விரலை எடுத்தா தப்பு எழுத்து.

எவ்வளவு தாமதம்? சாதாரண ப்ளூடூத்ல 150லிருந்து 250 மில்லி செகண்ட் வரைக்கும் ஆகும், போனையும் அடாப்டரையும் பொறுத்து. 200ன்னு வெச்சுக்கலாம். எண்ணா சொன்னா கண் சிமிட்டுற நேரம் மாதிரி தோணும். நம்ம ஊர் அளவுல சொல்றேன். அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். காத்துல ஒலி ஒரு செகண்டுக்கு சுமார் 345 மீட்டர் போகும். கோபுர உச்சியில ஒருத்தர் கை தட்டினா, கீழே நிக்கிற உங்க காதுக்கு அது வந்து சேர 190 மில்லி செகண்ட் ஆகும். அண்ணன் விரலுக்கும் காதுக்கும் நடுவுல நான் ராஜகோபுரத்தையே கொண்டு போய் வெச்சுட்டேன்.

"யூட்யூப்ல எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு நீங்க கேட்கலாம். தெரியாது. ஏன்னா வீடியோவுல அடுத்து என்ன வரும்னு போனுக்கு முன்கூட்டியே தெரியும். சத்தம் லேட்டாகுதுன்னு தெரிஞ்சா படத்தையும் அதே அளவு லேட்டாக்கி உதடும் சத்தமும் சேர்ற மாதிரி ஓட்டும். விரல் அடுத்து எங்க வைக்கும்னு போனுக்கு எப்படித் தெரியும்? அதனால விரலுக்குப் பதில் சொல்ற எதுலயும் இந்தத் தாமதம் முழுசா தெரியும். கேம், கீபோர்டு ஆப்ல இசை வாசிக்கிறது, டாக்பேக். கேம் விளையாடறவங்க இதைப் பத்தி நெட் முழுக்கப் புலம்பியிருக்காங்க, எனக்கும் தெரியும். டாக்பேக்குக்கும் அதேதான்னு எனக்குத் தோணவே இல்ல. எனக்குக் கண் தெரியும்ங்கிறதைத் தவிர வேற சாக்கு இல்ல.

இது பாதிதான். 400 ரூபாய் சண்டை இன்னொரு காரணத்தால.

பேட்டரியை மிச்சம் பிடிக்க, கொஞ்ச நேரம் சத்தமே இல்லைன்னா போன் ஆடியோ அனுப்புறதை நிறுத்திடும், அடாப்டரும் ஆம்ப்ளிஃபையரைத் தூங்க வெச்சுடும். மறுபடி சத்தம் வந்தா முழிச்சுக்கும், ஆனா முழிக்க ஒரு நொடியில கொஞ்சம் போகும். அதுக்குள்ள வந்த சத்தம் போச்சு. பாட்டுல இது தெரியாது, ஆரம்பத்துல ஒரு துளி போனா யாருக்குக் கவலை? ஆனா டாக்பேக் பேசுறது எல்லாமே துண்டு துண்டு. நடுவுல ஒரு இடைவெளி விட்டா, அடுத்த வார்த்தையோட முதல் அசையை அடாப்டர் முழுங்கிடும்.

தமிழ்ல எண்களைச் சொல்லிப் பாருங்க. இருநூறு, முந்நூறு, நானூறு, ஐநூறு. முதல் அசையை வெட்டுங்க. எல்லாமே நூறு.

ஒருத்தர் பழைய பாக்கி 500 ரூபாயை யூபிஐல போட்டிருக்கார். அண்ணன்கிட்ட சவுண்ட் பாக்ஸ் கிடையாது. மாச வாடகை கொடுக்க மனசு வரல, போனையே நம்புறார். ரெண்டு பேரும் ஏதோ பேசிட்டு இருந்திருக்காங்க, போன் சும்மா இருந்திருக்கு. அப்புறம் அண்ணன் விரலை நகர்த்தி தொகையைக் கேட்டார். காதுல வந்தது "நூறு ரூபாய்". "நூறுதான் வந்திருக்கு, இன்னும் 400 வரணும்"ன்னார். அவர் "500 போட்டேன், பாருங்க"ன்னு போனை நீட்டினார். யார்கிட்ட நீட்டுறார்! டீ குடிச்சிட்டு இருந்தவங்க பார்த்துச் சொன்ன பிறகுதான் அடங்குச்சு. ஆனா வார்த்தை நீண்டுபோயிருந்தது. இருபது வருஷமா கணக்குல ஒரு ரூபாய் தப்பு விடாத மனுஷன், அன்னைக்கு நாலு பேர் முன்னாடி தப்பு ஆனார். என்கிட்ட அதை அவர் கோபமா சொல்லல. "பாட்டு கேட்க நல்ல மெஷின் தம்பி. எனக்கு வேற வேலை இருக்கே"ன்னார்.

அன்னைக்கு ராத்திரியே வேற பொருளை ஆர்டர் பண்ணேன். டைப்-சியில சொருகி மறுபக்கம் 3.5 ஓட்டை இருக்கிற குட்டி வயர். ரேடியோ இல்ல, பேட்டரி இல்ல, தாமதமும் காதுக்குத் தெரியற அளவுக்கு இல்ல. இதையும் கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு வெறும் வயர், உள்ள சிப் கிடையாது. போன் தானே மின் அலையா டைப்-சி வழியா அனுப்பினாதான் வேலை செய்யும், நிறைய போன் அனுப்பாது. இன்னொண்ணுல டிஏசி சிப் உள்ளயே இருக்கும். வாங்குறப்போ டிஏசி உள்ளதான்னு கேட்டு வாங்குங்க. வெளியே பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆப்பிளோட டைப்-சி வயர் நல்ல சரக்குதான், ஆனா பல ஆண்ட்ராய்டு போன்கள்ல சத்தம் ரொம்பக் கம்மியா வரும். உங்க போன்ல போட்டுப் பார்க்காம வாங்க வேண்டாம்.

இந்த வயருக்கும் ஒரு குறை இருக்கு. சார்ஜ் போடுற ஓட்டையும் அதேதான். கடையில நாள் முழுக்கப் போன் ஓடணுமே? அதுக்கு ரெண்டு ஓட்டை உள்ளது கிடைக்குது, ஒண்ணுல சார்ஜர், ஒண்ணுல ஹெட்போன். அண்ணனுக்கு அதைத்தான் மாத்திக் கொடுத்தேன். சார்ஜ் ஏறும்போது லேசா ஒரு 'உய்'ங்கிற சத்தம் கேட்குதுன்னு சொல்றார். அதுக்கு வேற சார்ஜர் மாத்திப் பார்க்கணும், இன்னும் பார்க்கல.

திரும்பி வந்த அடாப்டர் அப்பாகிட்ட போச்சு. அப்பா வாரத்துல மூணு நாள் சாயங்காலம் கிரிவலம் போவார், 14 கிலோமீட்டரும். நடந்துக்கிட்டே பழைய பாட்டு. அவருக்கு இது சரியா பொருந்தும்னு நினைச்சேன். பொருந்தவும் செஞ்சது, ஒரு விஷயத்தைத் தவிர. "ரமணாசிரமம் வரைக்கும் நல்லா பாடுதுடா. செங்கம் ரோட்டை விட்டு உள்ள திரும்பினதும் விட்டு விட்டு வருது. வீட்டுக்கு வந்தா மறுபடி நல்லா இருக்கு. அந்தப் பக்கம் ஏதாவது இருக்கா?"ன்னார். மலைக்கு ஏதோ சக்தி இருக்குன்னு அவர் நம்புறவர், நான் அதுக்குள்ள போகல. ஒரு நாள் கூடவே நடந்தேன்.

போன் பேன்ட் பின் பாக்கெட்ல, அடாப்டர் சட்டை முன் பாக்கெட்ல. நடுவுல அப்பா. ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, நம்ம வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அங்கதான் ஓடுது. அந்த அலையைத் தண்ணி நல்லா முழுங்கும். மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அதாவது அப்பா ஒரு தண்ணி டேங்க். அப்போ வீட்டுல மட்டும் எப்படி வேலை செய்யுது? வீட்டுல சுவர் இருக்கு, மேல கான்கிரீட் இருக்கு. உடம்பைத் தாண்ட முடியாத அலை சுவர்ல பட்டுத் திரும்பி சுத்தி வந்து சேர்ந்துடும். கடைத்தெருவுலயும் ரெண்டு பக்கமும் கட்டடம். பாதை காட்டுப் பக்கம் திரும்பினதும் திருப்பி அனுப்ப ஒண்ணும் இல்ல. திறந்த வெளியில சிக்னல் நல்லா இருக்கணும்னுதான் நாம நினைப்போம். இங்க தலைகீழ்.

போனை சட்டைப் பாக்கெட்டுக்கு, அடாப்டர் இருந்த பக்கத்துக்கே மாத்தினோம். நிருதி லிங்கத்துலேர்ந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் ஒரு தடவை கூட வெட்டல. செலவு பூஜ்யம். உங்க அடாப்டர் வெளியே போனா வெட்டுதுன்னா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி போன் இருக்கிற பாக்கெட்டை மாத்திப் பாருங்க.

பௌர்ணமி அன்னைக்கு வேற கதை. லட்சக்கணக்கான பேர் நடக்கிற ராத்திரி. ஆளுக்கு ஒரு போன், பாதிப் பேர் காதுல ப்ளூடூத், கடைகள்ல வைஃபை, எல்லாம் அதே 2.4க்குள்ள. ப்ளூடூத் இந்த நெரிசலுக்காகவே செஞ்சதுதான். அந்த இடத்தை 79 சேனலாப் பிரிச்சு, ஒரு செகண்டுக்கு 1,600 தடவை சேனல் மாறிக்கிட்டே இருக்கும், கூட்டம் இருக்கிற சேனலைத் தவிர்க்கவும் தெரியும். கோயில் கூட்டத்துல சந்து பார்த்து நுழையுற நம்ம ஊர் ஆட்டோ மாதிரி. இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல சந்தே இல்லைன்னா என்ன செய்யும்?

இங்கதான் கோடெக் வருது. பாட்டை எப்படிச் சுருக்கி அனுப்புறதுங்கிற முறை. எல்லாக் கருவியிலயும் கண்டிப்பா இருக்கிறது எஸ்பிசி, வழக்கமா உச்சம் 328 கேபிபிஎஸ். சோனியோட எல்டேக் 330, 660, 990ன்னு மூணு அளவுல ஓடும். விளம்பரத்துல 990ஐப் பெருசா போடுவாங்க. கூட்டத்துல 990ஐப் பிடிச்சு வெச்சா வெட்டு வெட்டா வரும், லாரியைச் சந்துக்குள்ள விட்ட மாதிரி. ஆண்ட்ராய்டுல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய் குறைச்சுக்கலாம். ஐபோன்காரங்களுக்கு இந்தக் கவலையே இல்ல, அதுல எல்டேக்கும் கிடையாது, ஆப்டெக்ஸும் கிடையாது. ஏஏசி, இல்லைன்னா எஸ்பிசி. அதனால ஐபோன் வெச்சுக்கிட்டு எல்டேக் அடாப்டருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. என் கருத்து என்னன்னா, நடந்துக்கிட்டே கேட்கிறதுக்கு எஸ்பிசி போதும். இந்த பாட்காஸ்டை எல்டேக்ல கேட்டா என் மூக்கடைப்பு இன்னும் தெளிவா கேட்கும், வேற லாபம் இல்ல.

இன்னும் சில விஷயங்கள் வேகமா சொல்லிடறேன். கடையில 'ப்ளூடூத் அடாப்டர்'னு கேட்டா மூணு விதமான பொருளைக் கொடுப்பாங்க. நமக்கு வேண்டியது ரிசீவர். டிவியிலேர்ந்து சத்தத்தை வெளியே அனுப்புறது டிரான்ஸ்மிட்டர், கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத் கொடுக்கிற யூஎஸ்பி குச்சி வேற. என் நண்பன் ஒருத்தன் டிரான்ஸ்மிட்டரை வாங்கிட்டு ரெண்டு நாள் 'பேர் ஆகல'ன்னு போனைத் திட்டிட்டு இருந்தான்.

முன்னூறு, நானூறு ரூபாய் அடாப்டர்கள் பெரும்பாலும் கார் ஆக்ஸுக்குன்னு செஞ்சது. காருக்கு அது போதும். காதுக்குள்ள சொருகுற இயர்போன்ல பாட்டு இல்லாதப்போ 'ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் கேட்கும். ஆன் பண்ணினதும் ஒரு அம்மா இங்கிலீஷ்ல கத்துவாங்க, அந்தச் சத்தத்தைக் குறைக்க வழியே இல்ல. அதனால முதல்ல ஆன் பண்ணுங்க, அப்புறம் காதுல மாட்டுங்க. ஃபியோ, குடெலிக்ஸ் மாதிரி ஹெட்போனுக்குன்னே செய்யற கம்பெனிகளோட அடாப்டர் சில ஆயிரம் ஆகும். உங்க ஹெட்போனே அறுநூறு ரூபாய்னா அது தேவையில்லை. 300 ஓம் சென்ஹைசர் மாதிரி பெரிய ஹெட்போன் வெச்சிருக்கிறவங்களுக்கு மலிவு அடாப்டர்ல சத்தம் பத்தாது, அவங்க மட்டும் யோசிக்கலாம்.

வேலைக்கு மீட்டிங்ல பயன்படுத்துறவங்களுக்கு ஒண்ணு. அடாப்டரோட மைக்கை ஆன் பண்ணினதும் பாட்டு கிணத்துக்குள்ள போன மாதிரி ஆகும். அது ரிப்பேர் இல்ல. மைக் வேணும்னா சாதாரண ப்ளூடூத் ஹெட்செட் முறைக்கு மாறிடும், அதுல சத்தம் மோனோ, தரமும் டெலிபோன் தரம்தான். நான் லேப்டாப்போட மைக்கைத் தேர்ந்தெடுத்துட்டு, அடாப்டரைக் கேட்கிறதுக்கு மட்டும் வெச்சிருக்கேன். 2020ல அறிவிச்ச எல்இ ஆடியோ இந்தத் தொல்லையையும் தாமதத்தையும் குறைக்கும், ஆனா போனும் அடாப்டரும் ரெண்டுமே அதைப் புரிஞ்சுக்கணும். இப்போதைக்கு அதை நம்பி எதையும் வாங்காதீங்க.

அப்புறம், கிரிவலப் பாதையில சாதாரண நாள்ல ஆட்டோவும் காரும் ஓடுது. ஒரு காதுல மட்டும் மாட்டுங்க. ஆண்ட்ராய்டுல ஆக்ஸஸிபிலிட்டிக்குள்ள மோனோ ஆடியோன்னு இருக்கு. அதை ஆன் பண்ணா ரெண்டு பக்கச் சத்தமும் ஒரே காதுல வரும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணன்தான், அவர் ரொம்ப நாளா அப்படித்தான் கேட்கிறாராம்.

பார்வை மாற்றுத்திறனாளி நண்பர்கள் யாராவது ப்ளூடூத்ல டாக்பேக்கைச் சமாளிக்க வழி கண்டுபிடிச்சிருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அண்ணனுக்குப் போட்டுக் காட்டணும். அந்த 'உய்'ங்கிற சத்தத்துக்கு என்ன சார்ஜர் போடலாம்னு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், வணக்கம்.